மறு: ‘பேக்ஷிஃப்ட்’டுக்குத் தமிழில் என்ன? ‘படியிறக்கம்’ என்று சொல்லிப் பார்க்கலாமா

குழுவில் எல்லாருக்கும் வணக்கம்.

ஒருவர் சொன்னதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும்போது ‘ஆம்’ ‘வாஸ்’ ஆவது போல வினை கடந்த காலத்துக்கு நகர்வதைத்தான் ‘பேக்ஷிஃப்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி நான்கு நாளாக ஓடும் இந்த இழையை விடாமல் படித்து வருகிறேன். குடியாத்தத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன், அதனால் இந்தச் சொல் எனக்குத் தினமும் தேவைப்படுகிறது. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எது தேவையில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ் இரண்டுக்கும் புதுச்சொல் தேடவேண்டாம். செய்வினை, செயப்பாட்டுவினை என்று நம் இலக்கணத்தில் இருக்கும் சொற்களே வகுப்பில் நன்றாக வேலை செய்கின்றன. ‘வாய்ஸ்’ என்பதைக் ‘குரல்’ என்று பெயர்க்கலாம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். வேண்டாம் தம்பி, குரல் தொண்டையோடு இருக்கட்டும். ‘படு’ சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். போன வாரம் வேலூர்க் கோட்டையை வைத்துப் பயிற்சி கொடுத்தேன். “1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கோட்டையைக் கைப்பற்றினர்” என்று கரும்பலகையில் எழுதியதுமே, “சிப்பாய்களால் கோட்டை கைப்பற்றப்பட்டது” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்துவிட்டது. அதை ஆங்கிலத்தில் ‘வாஸ் கேப்சர்ட் பை’ என்று மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்து, “புதுத் தலைப்பாகை அணியும்படி உத்தரவிடப்பட்டது” என்ற வாக்கியத்தைக் கொடுத்தேன். “யாரால, மிஸ்?” என்று ஒரு பெண் கேட்டாள். சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிராடக் என்று சொன்னேன். செய்தவரைச் சொல்லாமல் விட செயப்பாட்டுவினை இடம் கொடுக்கிறது என்பதை அந்தப் பெண் கேள்வி கேட்டே கண்டுபிடித்துவிட்டாள். நான் தனியாகப் பாடம் நடத்தவேண்டி வரவில்லை.

டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச் சங்கதியும் அப்படித்தான். நேர்க்கூற்று, அயற்கூற்று என்று தமிழ்ப் பாடத்திலேயே வருகிறது. தன்மையும் முன்னிலையும் படர்க்கையாகும், ‘இது’ ‘அது’வாகும், ‘இன்று’ ‘அன்று’ ஆகும், ‘நாளை’ ‘மறுநாள்’ ஆகும் என்று தமிழ் ஐயாவிடம் படித்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

ஓட்டை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது எங்கே என்று எனக்கு ஒரு பையனின் நோட்டில் தெரிந்தது.

நான் கொடுத்த வாக்கியம் இது: மதர் செட், “ஐ ஆம் கோயிங் டு ஆம்பூர் டுடே.” பையன் எழுதியது: மதர் செட் தட் ஷீ இஸ் கோயிங் டு ஆம்பூர் தட் டே.

‘ஐ’ சரியாக ‘ஷீ’ ஆகியிருக்கிறது. ‘டுடே’ சரியாக ‘தட் டே’ ஆகியிருக்கிறது. மேற்கோள் குறிகள் போய் ‘தட்’ வந்திருக்கிறது. ‘ஆம்’ மட்டும் ‘வாஸ்’ ஆகாமல் ‘இஸ்’ஸில் நின்றுவிட்டது. மார்க் குறைக்கப் பேனாவை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டேன். தமிழ் என்னென்ன மாற்றுமோ அத்தனையையும் அவன் மாற்றியிருந்தான். தமிழ் எதை மாற்றாதோ அதை மட்டும் மாற்றவில்லை.

தமிழில் சொல்லிப் பாருங்கள்: “அம்மா, தான் அன்று ஆம்பூர் போவதாகச் சொன்னாள்.” ‘சொன்னாள்’ என்பதைச் ‘சொல்கிறாள்’ என்று மாற்றுங்கள், ‘சொல்வாள்’ என்று மாற்றுங்கள். ‘போவதாக’ என்பது அசையவே அசையாது. வீட்டுப் பேச்சில் இன்னும் சுலபம். “ஆம்பூர் போறேன்னுச்சி எங்கம்மா” என்போம். அம்மா வாயிலிருந்து வந்த ‘போறேன்’ அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும், ‘என்று’ தேய்ந்து ஒட்டிக்கொள்ளும், வேலை முடிந்தது.

தமிழ் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இப்படி எழுதுவதில்லை. என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் உண்டு, உருது பேசுகிறவர்களும் உண்டு. பழைய வடஆர்க்காட்டுப் பக்கம் எந்த வகுப்பிலும் இதுதான் நிலைமை. தெலுங்கில் நம் ‘என்று’ போல ‘அனி’ இருக்கிறது, உருதுவில் ‘கெ’ இருக்கிறது. இரண்டிலும் சொன்னவர் சொன்ன காலம் அப்படியே நிற்கும். ஆக மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். கவனக்குறைவு என்று அவர்களைத் திட்டி என்ன பயன்? அவர்கள் மொழியில் நடக்காத ஒன்றை ஆங்கிலம் செய்கிறது, அதற்கு ஒரு பெயர்கூட நாம் கொடுக்கவில்லை. பெயரில்லாத விதியை ஒவ்வொரு முறையும் மூன்று வாக்கியத்தில் விளக்கவேண்டியிருக்கிறது. அந்த மூன்று வாக்கியமும் பரீட்சை அறையில் ஞாபகம் வராது.

இனி, இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> காலமாற்றம் போதுமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் அண்ணா, ஆனால் அகலம் அதிகம். ‘காலம் மாற்றி எழுதுக’ என்று தனிப் பயிற்சியே உண்டு. அங்கே நிகழ்காலத்தை எதிர்காலமாகவும் மாற்றச் சொல்வார்கள். இங்கே நாம் பெயரிட நினைப்பது ஒரே திசையில், ஒரே அளவில் நடக்கும் மாற்றம். ‘காலமாற்றம்’ என்று சொன்னால் எந்தப் பக்கம் மாற்றுவது என்று பையன் மறுபடி கேட்பான்.

> காலப் பின்னடைவு.

செய்தித்தாள் படிக்கிற வீடுகளில் இந்தச் சொல் தேர்தலுக்குப் போய்விட்டது. பின்னடைவு என்றதும் யாரோ தோற்றுக்கொண்டிருக்கிறார் என்றுதான் காதில் விழும்.

> பின்னகர்வு. ஆங்கிலச் சொல்லுக்கு நேர்.

இதைத்தான் நானும் முதலில் விரும்பினேன். ஒரு வாரம் வகுப்பில் பயன்படுத்தியும் பார்த்தேன். சிக்கல் அந்தப் ‘பின்’னில் இருக்கிறது. ‘பின்னோக்கிப் பார்த்தேன்’ என்றால் கடந்த காலம். ஆனால் பின்னாள், பின்னர், பிற்காலம் எல்லாம் வரப்போவதைக் காட்டுகின்றன. முற்பகல் முதலில் வருகிறது, பிற்பகல் அப்புறம் வருகிறது. ஆங்கிலத்தின் ‘பேக்’ போனதை மட்டும் காட்டும்போது நம் ‘பின்’ இரண்டு பக்கமும் கை நீட்டுகிறது. என் மாணவி ஒருத்தி பின்னகர்வு என்றதும் ‘வில் பி கோயிங்’ என்று எழுதினாள். கேட்டால், “பின்னால நடக்கப்போறதுதானே மிஸ்?” என்றாள். தமிழ்ப்படி பார்த்தால் அவள் சொன்னது நியாயம்தான். ‘முன்னகர்வு’ என்று திருப்பிப் போட்டாலும் இதே குழப்பம் மறுபக்கத்திலிருந்து வரும். முன், பின் இரண்டையும் தொடாத சொல்தான் வேண்டும்.

அங்கேதான் எனக்குப் படி தோன்றியது. சோளிங்கர் மலையை வைத்துச் சொன்னேன். ஆயிரத்து முந்நூறு படிக்கு மேல் இருக்கும் அந்த மலைக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் ஒருமுறையாவது போயிருப்பார்கள். கரும்பலகையில் மூன்றே படி வரைந்தேன். மேல்படியில் ‘இஸ் கோயிங்’, ‘கோஸ்’ போன்ற நிகழ்கால வடிவங்கள். நடுப்படியில் ‘வாஸ் கோயிங்’, ‘வென்ட்’. அடிப்படியில் ‘ஹாட் கான்’. சொன்ன வினை ‘செட்’ என்று இறந்தகாலத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் வினை ஒரு படி இறங்கும். மேல்படியில் இருப்பது நடுப்படிக்கு வரும். நடுப்படியில் இருப்பது அடிப்படிக்கு வரும். ஏற்கெனவே ‘ஹாட்’டோடு அடிப்படியில் இருப்பது எங்கே போகும்? தரையில் நிற்கிறது, அங்கேயே நிற்கும். விதிவிலக்கு என்று நான் தனியாக மனப்பாடம் செய்யச் சொன்ன விஷயத்தைப் படம் தானாகச் சொல்லிவிட்டது. ‘வில்’ இறங்கினால் ‘வுட்’, ‘கேன்’ இறங்கினால் ‘குட்’, ‘மே’ இறங்கினால் ‘மைட்’. ‘மஸ்ட்’ மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சில இடத்தில் ‘ஹாட் டு’ ஆகும், சில இடத்தில் அப்படியே இருக்கும்.

ஆகவே என் முன்மொழிவு: படியிறக்கம்.

இந்தச் சொல்லை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம், இதிலிருந்து வினையும் எதிர்மறையும் சிரமமில்லாமல் வருகின்றன. வினை படியிறங்குகிறது. நாம் அதைப் படியிறக்குகிறோம். ‘சேஸ்’ என்று நிகழ்காலத்தில் சொன்னால் படியிறங்காது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது போன்ற நிலையான உண்மையைப் படியிறக்கவேண்டியதில்லை. பெயராக மட்டும் நின்று, வினையாக மறுக்கும் கலைச்சொல் வகுப்பில் ஒரு நாள்கூடத் தாங்காது. ‘பின்னகர்வு செய்யப்படவேண்டும்’ என்று யார் சொல்லிக்கொண்டிருப்பது?

இன்னொன்றும் இருக்கிறது. “தமிழில் இல்லாத விஷயத்துக்குத் தமிழ்ச் சொல் எதற்கு, பேக்ஷிஃப்ட் என்றே வைத்துக்கொள்ளலாமே” என்று ஒருவர் எழுதியிருந்தார். மரியாதையோடு மறுக்கிறேன். தமிழில் இல்லை என்பதைத் தமிழில் சொல்லவாவது சொல் வேண்டும். ‘ஆங்கில அயற்கூற்றில் படியிறக்கம் உண்டு, தமிழ் அயற்கூற்றில் கிடையாது.’ இவ்வளவுதான் அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது. இதை இத்தனை வருடமாக இவ்வளவு சுருக்கமாக என்னால் சொல்ல முடிந்ததில்லை.

குடியாத்தத்திலிருந்து,
ஓர் ஆங்கில ஆசிரியை

மறுநாள் மாலை

ஐயா, வணக்கம். உங்கள் மறுமொழியை இரண்டு முறை படித்தேன்.

> அம்மா, சொல் நன்று. ஆனால் இறக்கம் என்பது தாழ்வைக் குறிக்குமே. பதவியிறக்கம் போலத் தண்டனையாகத் தோன்றாதா? பொருள் மயக்கம் வருமே.

நீங்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் இறக்கத்தில் தண்டனை இல்லாத இடங்களும் நிறைய. மலை ஏறி இறங்குகிறோம், லாரியிலிருந்து நூல் மூட்டையை இறக்குகிறோம். அறிவியல் பாடத்தில் ஏற்று மின்மாற்றி, இறக்கு மின்மாற்றி என்று படிக்கும் பிள்ளைகள் யாரும் இறக்கு மின்மாற்றியைக் கேவலமாக நினைப்பதில்லை.

பொருள் மயக்கத்துக்கு, எங்கள் வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன். எட்டாவது படிக்கும்போது ஒரு பெண் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து ‘செய்வினை, செயப்பாட்டுவினை’ என்று சத்தம்போட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். அவள் ஆயா பதறிப்போய், “ராத்திரி நேரத்துல அந்த வார்த்தைய சொல்லாதடி” என்று புத்தகத்தை மூடிவிட்டார்களாம். ஆயாவுக்குச் செய்வினை என்றால் பில்லிசூனியம். அதனால் இலக்கணம் அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டதா? இல்லை. மந்திரவாதியிடம் ஒரு பொருளும் இலக்கணத்தில் ஒரு பொருளுமாக அது இரண்டு வீட்டிலும் பிழைத்துக்கொண்டிருக்கிறது. ‘படியிறக்கம்’ அதைவிடச் சாதுவான சொல்.

ஆனால் உங்கள் திருத்தம் ஒன்றை அப்படியே ஏற்கிறேன். முதல்முறை சொல்லும்போது ‘காலப் படியிறக்கம்’ என்று முழுதாகச் சொல்லவேண்டும் என்றீர்கள். நூலில் அப்படியே இருக்கட்டும். வகுப்பில் அடுத்த வரியிலிருந்து சுருக்கிக்கொள்ளலாம்.

நீங்கள் ஞாபகப்படுத்திய ‘திண்ணை மெழுகிற்று’ பற்றியும் ஒரு வார்த்தை. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வது வழக்கில் உள்ள மரபு என்கிறது தொல்காப்பியம். அதற்கு உரையில் வரும் உதாரணம் இந்தத் திண்ணை. இன்றைக்கும் ‘வீடு பெருக்கியாச்சு’ என்கிறோம். பெருக்கியது யார் என்று யாரும் சொல்வதில்லை, ‘படு’வும் வருவதில்லை. ஆங்கிலத்தில் இதற்குப் பேசிவ் போடவேண்டிய இடத்தில் பிள்ளைகள் ஆக்டிவாகவே எழுதிவிடுவது இதனால்தானோ என்று எனக்கும் தோன்றுகிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, நான் நோட்டுகளிலிருந்து உதாரணம் சேர்த்துத் தருகிறேன்.

இன்றைய வகுப்பு பற்றிச் சொல்லவேண்டும். அந்த ஆம்பூர்ப் பையனுக்குப் பத்து வாக்கியம் கொடுத்தேன். ஒவ்வொரு விடைக்கும் முன்னால் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ‘ப.இ.’ என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு படி வரைந்துகொண்டான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகச் செய்தது. இரண்டு இடத்தில் ‘இஸ்’ என்று எழுதிவிட்டு, படியைப் பார்த்ததும் அடித்து ‘வாஸ்’ ஆக்கியிருந்தான். எட்டு வாக்கியம் சரி. மீதி இரண்டில் சொன்ன வினை ‘சேஸ்’ என்று நிகழ்காலத்தில் இருந்தது. அங்கேயும் ஆர்வத்தில் இறக்கிவிட்டிருந்தான். அந்த இரண்டுக்கும் எதிரே ‘படியிறங்காது’ என்று சிவப்பு மையில் எழுதினேன். வாங்கிப் படித்தவன் எதுவும் கேட்கவில்லை. ரப்பரை எடுத்து, ஓரத்தில் இருந்த இரண்டு படிகளையும் அழித்தான்.