முதுகுல நீர் எடுக்கணும்ங்கிறாங்க, தங்கச்சிக்கு 16 வயசு, பயமா இருக்கு

தூக்கமில்லாதவன்:
3 வாரம் முன்னாடி காய்ச்சல் தலைவலின்னு ஆரம்பிச்சுது, அப்புறம் தூக்கமே போச்சு, யாரோ பேசுறாங்கன்றா, எங்களயே சந்தேகமா பாக்குறா. மனநல டாக்டர் குடுத்த மாத்திரைல உடம்பு கட்டையா விறைச்சுக்கிச்சு. முந்தாநேத்து ஃபிட்ஸ். எம்ஆர்ஐ நார்மல். இப்ப நியூரோ டாக்டர் ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸா, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளையத் தாக்கி வர்ற வீக்கமா இருக்கலாம்ங்கிறார். முதுகுல ஊசி குத்துனா கால் விளங்காம போயிடும்னு அம்மா கையெழுத்து போட மாட்டேங்குறாங்க. ரத்தத்துல பாத்தா போதாதா?

பழைய பேனா:
போதாது தம்பி. என் பொண்ணுக்கு 13 வயசுல இதேதான், ரத்தத்துல நெகட்டிவ், முதுகு நீர்ல என்எம்டிஏ ஆன்டிபாடி (மூளையத் தாக்குற எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ். எம்ஆர்ஐ நார்மல்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தமில்ல, பாதிப் பேருக்கு மேல அப்படித்தான் வருமாம். தண்டுவடம் முடியிற இடத்துக்குக் கீழதான் ஊசி போகும், அதனால கால் பத்தி பயம் வேணாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க. எங்களுக்கு ஸ்டீராய்டு டிரிப் 5 நாள், கூடவே ஐவிஐஜி (தானம் குடுத்தவங்க ரத்தத்துலேர்ந்து எடுத்த ஆன்டிபாடி டிரிப்), அதுக்கும் மசியலன்னு எதிர்ப்பு சக்திய அடக்குற ரிட்டுக்ஸிமாப் மருந்து. என்னையே யாருன்னு தெரியாம கத்துனா, அதெல்லாம் அவளுக்கு இப்ப ஞாபகமே இல்ல, எனக்குத்தான் இருக்கு.

நைட் டியூட்டி:
வார்டுல நர்ஸா இருக்கேன். 2 விஷயம் மறக்காம கேளுங்க. வயித்து ஸ்கேன் எடுத்தாச்சா? வயசுப் பொண்ணுங்கன்னா சினைப்பைல டெரட்டோமா கட்டி இருக்கலாம், இருந்தா அத எடுக்கணும், எடுக்காம மருந்து மட்டும் ஏத்துனா சரியா கேக்காது. ரெண்டாவது, ஆன்டிபாடி ரிசல்ட் வர நாளாகும், அதே நீர்ல கிருமித் தொற்று இல்லன்னு தெரிஞ்சா சிகிச்சைய முன்னாடியே ஆரம்பிக்கலாமான்னு கேளுங்க, சீக்கிரம் ஆரம்பிச்சவங்கதான் நல்லா தேறுறாங்க. இந்த என்எம்டிஏ வியாதிக்கு ஆன்டிபாடி கண்டுபிடிச்சதே 2007லதான், அதுக்கு முன்னாடி எத்தன புள்ளைங்கள பேய் புடிச்சிருக்குன்னு ஒதுக்குனாங்களோ. 2013ல 577 பேர வச்சு வந்த ஆய்வுல, 2 வருஷம் ஃபாலோ பண்ணவங்கள்ல 81% பேர் நல்லா தேறியிருக்காங்க. ஆனா மெதுவாத்தான், மாசக்கணக்குல.

கடுகு:
என் பையன் தொண்டை வலி வந்தப்புறம் திடீர்னு கைய கழுவிகிட்டே இருக்கான், கண்ண சிமிட்டுறான், இதுவும் அதானா?

நைட் டியூட்டி:
அது வேற, பாண்டாஸான்னு (தொண்டைல ஸ்ட்ரெப் கிருமி வந்தப்புறம் பிள்ளைங்களுக்கு திடீர்னு இப்படி நடத்த மாறுறது) பாக்கணும். தொண்டைல ஸ்ட்ரெப் டெஸ்ட் பண்ணுங்க. அதுக்கு ஐவிஐஜி குடுக்கலாமாங்கிறதுல டாக்டர்களுக்குள்ளயே சண்ட இருக்கு, தனியா ஒரு கேள்வி போடுங்க, இங்க கலக்க வேணாம்.

தூக்கமில்லாதவன்:
அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், ஒண்ணும் சொல்லல, கையெழுத்து போட பேனா மட்டும் கேட்டாங்க. நாளைக்குக் காலைல எடுக்குறாங்க. அப்புறம் ரொம்ப நேரம் படுத்தே இருக்கணுமா?

பழைய பேனா:
படுத்தே இருந்தா தலைவலி வராதுன்னெல்லாம் இல்ல. உக்காந்தா கூடி படுத்தா குறையிற வலின்னா உடனே சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. ஸ்கேன் விஷயத்த கேட்டுட்டு இங்க வந்து சொல்லு தம்பி.