பால் வராத செடி: கொல்லையில் நிற்பது செஸ்ட்நட்டா?

ஆயர் ஈத்தாம், பினாங்கு:
சீனப் பெருநாளுக்கு வாங்கிய பச்சை செஸ்ட்நட் கொட்டையில் மிஞ்சியதை லோங்காங் (சாக்கடை) ஓரம் கொட்டியிருந்தேன். அங்கே ஒன்று முளைத்தது. அதுதான் என்று நம்பி 2 வருடம் தண்ணீர் ஊற்றினேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். கண் மங்கிய பிறகு ஒருநாள் அதன் பக்கத்தில் குந்தி, இலைக்காம்பை நகத்தால் கிள்ளி, கட்டைவிரலில் ஒற்றி ஒற்றிப் பார்த்தார். "பால் வரலையேம்மா" என்றார். செஸ்ட்நட்ப்பா என்றேன். இலைமேல் தன் கையை விரித்து வைத்து, "அஞ்சு விரல் இருக்கே" என்றார். அவர் போய் 7 மாதம். என்ன மரம் என்று அவருக்குச் சொல்லவே இல்லை நான்.

செந்தூல், கோலாலம்பூர்:
அக்கா, ஐந்து விரல் என்றால் அது இல்லை. சீனச் செஸ்ட்நட்டுக்கு ஒற்றை இலை, நீளமாக, ஓரம் ரம்பம் மாதிரி. ஒவ்வொரு நரம்பும் ஒரு பல்லில் போய் முடியும். அதன் உறவான நம் காட்டு மரம் பெராங்கானுக்கும் ஒற்றை இலைதான். உங்களுடையது பச்சிரா. தண்டைப் பின்னிச் சட்டியில் விற்பார்களே, பண மரம், அதேதான். அதையும் மலபார் செஸ்ட்நட் என்பார்கள். மலபாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அமெரிக்க வெப்பக்காட்டு மரம். எங்கள் வீட்டில் ஒன்று நின்றது. ஒரு ராத்திரி குப்பை போடப் போனேன். மெழுகுவர்த்தி மாதிரி நின்ற மொட்டு தோலை உரித்துச் சுருட்டிக்கொண்டது. உள்ளே கற்றையாக வெள்ளை நூல். குப்பைப் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். காலையில் பூ சிமெண்டில் கிடந்தது.

பட்டர்வொர்த்:
தம்பி, பார்க்காமலே பச்சிரா என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? இலவங்கன்றுக்கும் விரல் இலைதான். நானே ஏமாந்தேன், காய் வெடித்துப் பஞ்சு பறந்து, காயப்போட்ட வேட்டியில் ஒட்டிய அன்றுதான் தெரிந்தது. தங்கச்சி, தண்டைத் தடவிப் பாருங்கள். முள் குத்தினால் இலவு. முள்ளில்லாத இலவும் உண்டு, அதனால் அடியையும் பாருங்கள். பச்சிராவுக்குச் சின்னதிலேயே அடி பருத்திருக்கும். இலவு என்றால் இப்போதே இடம் மாற்றுங்கள். வீட்டைவிடப் பல மடங்கு உயரும், வேர் சுவரையும் லோங்காங்கையும் பிளக்கும். மாற்றும்போது வேரைச் சுற்றி மண்ணோடு அகலமாகத் தோண்டுங்கள், மழை நாளாகப் பாருங்கள், முதல் வாரம் வெயில் படாமல் நிழல் கட்டுங்கள். எதுவானாலும் பேர் உறுதியாகாமல் கொட்டையைப் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு:
இப்போதுதான் டார்ச்சோடு போய்த் தடவினேன் அண்ணே. முள் இல்லை. அடி குடம் மாதிரி இருக்கிறது. காலையில் படம் போடுகிறேன்.