25 வயதில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகக் கல்லூரிக்குப் போகலாமா?

நடுவழி:
எனக்கு 25 வயது. பள்ளி முடித்ததும் வீட்டு நிலைமையால் நேராக வேலைக்குப் போய்விட்டேன். சரக்குக் கிடங்கு ஒன்றில் இருப்புக் கணக்கு பார்க்கிறேன். இப்போது வீட்டுக் கடன் அடைந்துவிட்டது, தங்கையும் சம்பாதிக்கிறாள். புள்ளியியலில் இளநிலைப் பட்டம் படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு வருடம், முழுநேரம். சேர்ந்தால் இந்த வேலையை விட வேண்டும்.

ஏன் புள்ளியியல் என்றால், அடுத்த மாதம் எந்தச் சரக்கு எவ்வளவு போகும் என்று கணிக்கும் பிரிவு எங்கள் நிறுவனத்தில் இருக்கிறது. அவர்கள் அனுப்பும் எண்களை வைத்துத்தான் நான் தினமும் வேலை செய்கிறேன். அந்தப் பிரிவுக்கு விண்ணப்பித்தபோது படிவத்திலேயே பட்டம் கேட்டார்கள், அதோடு நின்றுவிட்டது. மேலாளர் "பகுதிநேரமாகப் படி, வேலையை விடாதே" என்கிறார். நண்பர்கள் "இந்த வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு போய் உட்காரப் போகிறாயா" என்று கேட்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

கணக்கன்:
தம்பி, உங்கள் மேலாளர் சொல்வதுதான் சரி. படிப்புச் செலவு என்றால் எல்லோரும் கல்லூரிக் கட்டணத்தைத்தான் நினைக்கிறார்கள். பெரிய செலவு அது இல்லை, அந்த நான்கு வருடமும் வராமல் போகும் சம்பளம். பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1964ல் மனித மூலதனம், அதாவது படிப்பையும் திறமையையும் முதலீடாகப் பார்ப்பது, பற்றி எழுதியபோதே இழந்த சம்பளத்தையும் படிப்புச் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் போட்டார். பதினெட்டு வயதுப் பையன் இழப்பது ஆரம்பச் சம்பளம். நீங்கள் இழப்பது ஏழு வருட அனுபவத்துக்குப் பிறகு வாங்கும் சம்பளம். அதாவது அதே பட்டத்துக்கு நீங்கள் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள்.

வரவையும் பாருங்கள். 60 வயதில் ஓய்வு என்று வைத்துக்கொண்டால், 22ல் பட்டம் வாங்கியவருக்கு அதை வைத்துச் சம்பாதிக்க 38 வருடம் இருக்கிறது. 29ல் வாங்கும் உங்களுக்கு 31 வருடம். படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சம்பளத்தை விடாமல் படியுங்கள் என்கிறேன்.

மரப்பாலம்:
நான் 24ல் முழுநேரமாகச் சேர்ந்து பட்டம் முடித்தவள். கணக்கன் சொல்லும் கணக்கில் பிழை இல்லை, ஆனால் அவர் ஒன்றைச் சேர்க்கவே இல்லை. பகுதிநேரம் என்பது தாளில் பார்க்கத்தான் அழகு. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு இரவில் நுண்கணிதம் படிக்க உட்காருங்கள், புரியும். கண் வரிகள் மேல் ஓடும், மண்டையில் ஒன்றும் ஏறாது. பகுதிநேரமாகச் சேர்கிறவர்கள் பாதியில் நிற்பது முழுநேரத்தில் சேர்கிறவர்களைவிட அதிகம். பாதியில் நின்ற படிப்புக்கு வேலைச் சந்தையில் ஏறக்குறைய மதிப்பே கிடையாது. கட்டிய பணம் மட்டும் போனது போனதுதான்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. மேரி கியூரி வருடக்கணக்கில் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை பார்த்தார், அந்தச் சம்பளத்தில் அக்காவைப் பாரிஸில் மருத்துவம் படிக்க வைத்தார். அதற்குப் பிறகுதான் 1891ல் தானே பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த நவம்பரில் அவருக்கு 24 முடிந்தது. மற்றவர்கள் அளவுக்குக் கணிதமும் பிரெஞ்சும் தனக்குத் தெரியவில்லை என்பது போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. 1893ல் இயற்பியல் பட்டத்தில் முதலிடம். இந்த நண்பரும் வீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் படிக்கக் கிளம்புகிறார்.

கணக்கன்:
கியூரியை உதாரணம் காட்டுவது நியாயமில்லை, மரப்பாலம். ஜெயித்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். 24ல் சேர்ந்து பணம் தீர்ந்து ஊர் திரும்பியவர்களைப் பற்றி யாரும் எழுதி வைப்பதில்லை. அதோடு கியூரிக்கே 1893ல் ஒரு உதவித்தொகை கிடைத்தது, அதைக் கொண்டுதான் அடுத்த வருடம் கணிதப் பட்டத்தையும் முடித்தார். திறமைக்குப் பின்னால் பணமும் நின்றது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி விவாதத்தில் அது எப்படியும் வந்துவிடும். "படித்தாலும் படிக்காவிட்டாலும் உனக்கு 29 வயது ஆகத்தான் போகிறது" என்பார்கள். உண்மைதான். ஆனால் அதை எந்த முடிவுக்கும் சொல்லலாம். கடை வைத்தாலும் 29 ஆகும், வேலையில் பதவி உயர்ந்தாலும் 29 ஆகும். அந்த நான்கு வருடத்தை வேறு எதில் போட்டால் என்ன கிடைக்கும் என்று ஒப்பிடாமல் சொன்னால் அது வெறும் தெம்பூட்டும் பேச்சு.

உலைக்களம்:
பட்டமே எதற்கு என்று கேட்கிறேன். புள்ளியியல் பாடம், நிரல் மொழி எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கிடங்குத் தரவு கையிலேயே இருக்கிறது. ஒரு கணிப்பு மாதிரி செய்து மேலாளரிடம் காட்டுங்கள். வேலை செய்து காட்டுகிறவனை எந்த நிறுவனமும் விடாது.

நடுவழி:
உலைக்களம், அதையும் செய்து பார்த்தேன். விரிதாளில் ஒரு கணிப்பு செய்து கொடுத்தேன், மேலாளருக்குப் பிடித்திருந்தது, பாராட்டினார். பதவிக்கு மட்டும் அந்தப் படிவம்தான் வழி. சலுகை கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது மட்டும் இல்லை, நான் செய்த கணிப்பு ஏன் சில மாதங்களில் சரியாக வருகிறது, சில மாதங்களில் ஏன் உதைக்கிறது என்று எனக்கே விளக்கத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு ஆசை.

உலைக்களம்:
ஒரு நிறுவனத்தின் படிவத்துக்காக நான்கு வருடமா? பட்டம் கேட்காத வேறு நிறுவனத்துக்குப் போங்கள். என் கருத்தில் மாற்றமில்லை.

நீலமை:
கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். வயது கூடிய மாணவர்கள் என் வகுப்புக்கு வருவது வழக்கம்தான், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் மூளை பற்றி. "வயதானால் ஏறாது" என்று 25 வயதுக்காரரிடம் சொல்வது அபத்தம். 2015ல் ஹார்ட்ஷோர்ன், ஜெர்மைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல்லாயிரம் பேரின் தேர்வு முடிவுகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எல்லாத் திறனும் ஒரே வயதில் உச்சத்துக்கு வந்து இறங்குவதில்லை என்பதுதான் அதன் சாரம். வேகமாகச் செயல்படும் திறன் 18, 19லேயே உச்சம் தொடுகிறது. குறுகியகால நினைவு 25 வாக்கில் உச்சத்துக்கு வந்து, 35 வாக்கில்தான் இறங்கத் தொடங்குகிறது. சொல்வளம் அறுபதைத் தாண்டியும் கூடுகிறது. ஆக நண்பரே, நீங்கள் படிக்க நல்ல வயதில்தான் இருக்கிறீர்கள்.

வயது கூடிய மாணவர்கள் உண்மையில் விழும் இடம் வேறு. முதல் செமஸ்டரில் பள்ளிக் கணிதம் துருப்பிடித்திருக்கும். பின்னங்களைச் சுருக்குவது, மடக்கை, சமன்பாட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றுவது, இதில் கை தடுமாறும். நிகழ்தகவின் கருத்தைப் பக்கத்து பெஞ்சுப் பையனைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள், ஆனால் மூன்றாவது வரியில் குறியை மாற்றிப் போட்டு விடை தப்பாக வரும். அதைப் பார்த்து "எனக்குக் கணிதம் வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கேட்கவும் வெட்கம். வகுப்பிலேயே மூத்த ஆள் இதைக் கேட்கலாமா என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். இதைத் தாண்டிவிட்டால் அவர்களைப் போல உழைக்கிறவர்கள் கிடையாது. ஏன் வந்தோம் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை உண்டு.

படிக்கும் முறையிலும் ஒன்று. ரோடிகர், கார்ப்பிக் 2006ல் செய்த சோதனையில் ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது, இன்னொரு குழு வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழு முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்த குழு முந்தியது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். படித்து நாளான கைக்கு இதுதான் மருந்து.

கணக்கன்:
மேடம், மூளை பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, நான் பேசுவது பையைப் பற்றி. கல்லூரி என்ற அமைப்பே வீட்டுப் பொறுப்பு இல்லாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்காகக் கட்டியது. பகல் முழுக்க வகுப்பு, நடுநடுவே வெறும் இடைவெளி. சம்பாதித்தாக வேண்டியவர் அதில் எப்படிப் பொருந்துவார்?

நீலமை:
அமைப்பு மாறியதும் உண்டு, கணக்கன். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வீரர்களுக்காக அமெரிக்கா 1944ல் ஒரு சட்டம் போட்டது, ஜிஐ பில் என்பார்கள். அதன் வழியாக ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். 1947ல் கல்லூரியில் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இவர்கள்தான். பலர் இருபதுகளின் நடுவில் இருந்தவர்கள், குடும்பஸ்தர்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் போன்றவர்கள் கல்லூரியின் தரம் கெட்டுவிடும் என்று எச்சரித்தார்கள். வந்தவர்களோ நன்றாகவே படித்தார்கள்.

கணக்கன்:
நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்தச் சட்டம் கட்டணத்தையும் கட்டியது, மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்கும் பணம் கொடுத்தது. அதனால்தான் அவர்களால் பகலில் வகுப்பில் உட்கார முடிந்தது. இந்தத் தம்பிக்கு யார் மாதாமாதம் கொடுக்கப் போகிறார்கள்? வேலை பார்ப்பவர்களுக்கென்றே பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றை 1969ல் தொடங்கினார்கள். 1971ல் பாடம் ஆரம்பித்தபோது முன்தகுதி எதுவும் கேட்கவில்லை, தபாலிலும் பிபிசி ஒளிபரப்பிலும் பாடம் போனது. வேலையை விடாமல் பட்டம் வாங்க முடியும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மரப்பாலம்:
அது வேலை பார்ப்பவர்களுக்காகவே யோசித்துச் செய்த ஏற்பாடு. பாடப் புத்தகம் எழுதிய விதம், தேர்வு வைத்த விதம் எல்லாமே வேறு. சாதாரணக் கல்லூரியில் பகுதிநேரம் என்றால் பெரும்பாலும் பகல் வகுப்பையே பெயர்த்து மாலையில் வைப்பார்கள். ஆசிரியரும் களைத்திருப்பார், மாணவரும் களைத்திருப்பார், ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும். நடுவழி, உங்களுக்குக் கிடைக்கும் பகுதிநேரம் எந்த வகை? எத்தனை வருடம்?

நடுவழி:
நீங்கள் சொன்ன இரண்டாவது வகைதான், அக்கா. மாலை வகுப்பு, ஏழு வருடம். முடிக்கும்போது எனக்கு 32. சேமிப்பு ஒன்றரை வருடச் செலவுக்குத் தாங்கும், கட்டணத்தையும் சேர்த்து. அதற்குப் பிறகு ஏதாவது சம்பாதித்தே ஆக வேண்டும்.

கணக்கன்:
ஒன்றரை வருடத்துக்குக் காசு, நான்கு வருடத்துக்குப் படிப்பு. தம்பி, இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். மூன்றாவது வருடத்தில் பணம் இல்லாமல் நிற்பது பகுதிநேரத்தில் களைத்து நிற்பதைவிட மோசம். சேரும் இடத்தை ஒரு வருடம் தள்ளி வைக்க முடியுமா என்று கல்லூரியைக் கேளுங்கள். அந்த ஒரு வருடம் பணம் சேருங்கள், மாலையில் ஒரே ஒரு கணிதப் பாடம் எடுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் போங்கள்.

மரப்பாலம்:
தள்ளி வைப்பதுதான் ஆபத்து. அடுத்த வருடம் வீட்டில் வேறு செலவு வரும், வேலையில் கொஞ்சம் சம்பளம் கூடும், விட மனசு வராது. இந்த வருடம் வீட்டில் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறார்கள், கடனும் இல்லை. அந்த மாதிரி வருடம் கேட்டால் கிடைக்காது. பணத்துக்கு வழி இருக்கிறது. மூன்றாவது வருடம் கீழ் வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும், விடுமுறையில் வேலை பார்த்தும்தான் நான் முடித்தேன். கஷ்டமாக இருந்தது, ஆனால் முடித்தேன்.

நீலமை:
பதில் சொல்வதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் சில விஷயங்களை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். பட்டத்துக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா. வாராந்தர நேர அட்டவணை, முடிந்தால் நான்கு வருடத்துக்கும், ஏனென்றால் முதல் வருடம் இறுக்கமாகவும் கடைசி வருடம் தளர்வாகவும் இருப்பது வழக்கம். வயது வரம்பில்லாத உதவித்தொகை என்னென்ன. நடுவில் ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்தால் இடம் நிற்குமா, இதை யாரும் கேட்பதே இல்லை. அப்புறம் இன்றிரவே பள்ளிக் கடைசி இரண்டு வருடக் கணிதப் புத்தகத்தை எடுத்து, எந்தப் பாடத்தில் கை நிற்கிறது என்று பாருங்கள். சேருவதற்குள் அதைச் சரிசெய்யலாம்.

நண்பர்கள் சொன்ன "பிள்ளைகளோடு உட்காருவது" பற்றி: முதல் மாதம் தனிமையாகத்தான் இருக்கும். குழு வேலை ஒன்று வரும், அதில் நேரத்துக்கு வேலையை முடித்துக் கொடுக்கும் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதன் பிறகு யாரும் வயதைக் கேட்க மாட்டார்கள்.

நடுவழி:
எல்லோருக்கும் நன்றி. மேடம் சொன்னபடி கல்லூரிக்கு எழுதிக் கேட்டேன். அங்கீகாரம் இருக்கிறது. ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்தாலும் இடம் நிற்கும், ஆனால் சேருவதையே ஒரு வருடம் தள்ளி வைக்க முடியாது, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் வருடத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு இல்லை. மேலாளரிடமும் பேசினேன். முழுநேர வேலையைத் தக்கவைக்க வழியில்லை, ஆனால் வார இறுதியில் சரக்கு எண்ணும் வேலைக்கு ஆள் தேவைப்படுகிறதாம். முதல் செமஸ்டர் முடிந்த பிறகு வரலாம் என்றார். இதை நம்பிச் சேர்வது என்று முடிவெடுத்திருக்கிறேன். கணிதப் புத்தகத்தையும் எடுத்துவிட்டேன், மடக்கையில்தான் கை நிற்கிறது.

கணக்கன்:
நானாக இருந்தால் ஒரு வருடம் காத்திருந்து மறுபடி விண்ணப்பித்திருப்பேன், இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். சேர்வது என்று ஆகிவிட்டதால் இரண்டு காரியம் செய்யுங்கள். இரண்டாம் வருடக் கட்டணத்தை இப்போதே தனிக் கணக்கில் போட்டு, அதற்கு அட்டை வாங்காதீர்கள். வார இறுதி வேலைக்கு மேலாளரிடம் வாய்ச்சொல் போதாது. எந்த மாதத்திலிருந்து, எத்தனை மணி நேரம், என்ன கூலி என்று ஒரு மின்னஞ்சலாவது வாங்கி வையுங்கள்.

நீலமை:
மடக்கைக்கு முன்னால் அடுக்குக்குறி விதிகளை ஒரு முறை போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும். எங்கே நிற்கிறது என்று கணக்கோடு இங்கே எழுதினால் பார்க்கிறேன்.