அக்காவுக்கு நுரையீரல் புற்றுநோய் 4-ஆம் நிலை. மண்டபத்துல இருந்து மதுரைக்குப் போய்வந்து கீமோ: வீட்டுல என்ன கவனிக்கணும்?

கேள்வி: தென்கடல்_தம்பி

அக்காவுக்கு 48 வயசு. சர்க்கரை உண்டு, புகைப் பழக்கம் கிடையாது. புற்றுநோய் வகை அடினோகார்சினோமா. வலது நுரையீரலைச் சுத்தி நீர் கோத்து ஒருமுறை எடுத்தாச்சு, முதுகெலும்புலயும் பரவியிருக்கு. அடுத்த வியாழன் கார்போபிளாட்டின், பெமட்ரெக்செட்னு ரெண்டு கீமோ மருந்து ஏத்துறாங்க, 21 நாளுக்கு ஒருமுறை. ஈ.ஜி.எஃப்.ஆர்.னு கட்டியில மரபணு மாற்றம் இருக்கான்னு பார்க்கிற ரிப்போர்ட் இன்னும் வரல. மச்சான் கடலுக்குப் போறவர், அதனால கூட இருந்து பார்க்கிறது நான்தான். மருந்து, காய்ச்சல், காப்பீட்டு அட்டை மூணுலயும் விவரம் தேவை.

பதில்: மருந்தாளுநர்_ராம்நாடு

தம்பி, பெமட்ரெக்செட்டுக்கு வேலை இன்னைக்கே ஆரம்பிக்குது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை முதல் டோஸுக்கு முந்தின 7 நாள்ல குறைஞ்சது 5 நாளாவது போட்டிருக்கணும். தினசரி அளவு 400 முதல் 1000 மைக்ரோகிராம். கடையில சட்டுனு எடுத்துத் தர்றது 5 மில்லிகிராம் (5000 மைக்ரோகிராம்) மாத்திரை, சீட்டுல உள்ள அளவைக் காட்டி வாங்குங்க. பி12 ஊசி 1000 மைக்ரோகிராம், முதல் டோஸுக்கு முந்தின வாரம் ஒண்ணு, பிறகு 9 வாரத்துக்கு ஒண்ணு. இது ரெண்டும் விட்டுப்போனா வாய்ப்புண்ணும் ரத்த அணு சரிவும் கடுமையா வரும். சீட்டுல இல்லேன்னா நாளைக்கே போன் பண்ணிக் கேளுங்க.

டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை வழக்கமா 4 மில்லிகிராம், காலையும் ராத்திரியும், கீமோவுக்கு முந்தின நாள், அன்னைக்கு, மறுநாள். தோல் தடிப்பு வராம இருக்கத்தான் அது. ஆனா அந்த மூணு நாளும் சர்க்கரை எகிறும். குளுக்கோமீட்டர்ல பார்த்து எழுதி வைங்க, டாக்டரைக் கேட்காம சர்க்கரை மருந்தைக் கூட்டாதீங்க.

மேல்வலின்னு டைக்ளோஃபெனாக் ஊசி, புரூஃபன் மாதிரி வலி மருந்து எதுவும் வேண்டாம். சிறுநீரகம் வழியாத்தான் பெமட்ரெக்செட் வெளியேறுது, இதுங்க அதைத் தடுக்கலாம்.

பதில்: வார்டு_நர்ஸ்

மருந்து ஏத்தி 7-ல் இருந்து 14-ஆம் நாள் வரைக்கும் வெள்ளை அணு அடிமட்டத்துல இருக்கும். 100.4 டிகிரி காட்டினா அது சாதாரணக் காய்ச்சல் இல்ல. நம்ம பக்கம் வழக்கமா நடக்கிற தப்பு ஒண்ணு உண்டு: பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும்னு இருப்பாங்க, இல்லேன்னா பக்கத்து கிளினிக்ல ஒரு ஊசி போட்டுட்டு வந்துடுவாங்க. காய்ச்சல் இறங்கும், கிருமி ரத்தத்துல பரவிக்கிட்டே இருக்கும். மதுரைக்கும் ஓட வேண்டாம், அந்த மூணு மணி நேரம் பெருசு. 108-ஐ அழைச்சு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்க. வாசல்லயே சொல்ல வேண்டிய வாக்கியம்: "கீமோ போட்டு பத்து நாள் ஆச்சு, காய்ச்சல்." ரத்த அணு எண்ணிக்கை பார்த்து, நரம்பு வழியா ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறணும். கீமோ விவரம், தேதி எழுதின தாளைத் தெர்மாமீட்டர் டப்பாவோடயே வைங்க.

மீன் சாப்பிடலாமான்னு எல்லாரும் கேப்பீங்க. நல்லா வெந்த மீன் தாராளமா சாப்பிடலாம், புரதம் வேணும். நேத்து வச்ச குழம்பு மட்டும் கூடாது.

முதுகெலும்புல பரவியிருக்குன்னு சொல்றதால இதையும் கேளுங்க. கால் பலம் குறையறது, உட்காரும் இடம் மரத்துப்போறது, சிறுநீர் வராம நிக்கிறது: இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. தண்டுவடம் அமுங்கியிருக்கலாம். கால் விழுந்த பிறகு போனா நடை திரும்புறது கஷ்டம்.

பதில்: பாம்பன்_பாலம்

ஈ.ஜி.எஃப்.ஆர். ரிப்போர்ட் வராம இருக்கிறதுக்குப் பாதி நேரம் காரணம், சதைத் துணுக்கு பத்தாம போறது. லேப்ல பாரஃபின் பிளாக் (துணுக்கை மெழுகுல பதிச்சு வச்ச கட்டி) எண் கேட்டு வாங்குங்க. பத்தலேன்னா, நெஞ்சுல இருந்து எடுத்த நீர்ல உள்ள செல்களைச் சேர்த்து செல் பிளாக் செஞ்சும் பார்க்கலாம், ரத்தத்துலயும் பார்க்கலாம். புகை பிடிக்காத பெண்கள்கிட்ட இந்த மரபணு மாற்றம் அதிகம், அதனால விடாம கேளுங்க. இருந்தா ஜெஃபிடினிப் 250 அல்லது ஓசிமெர்டினிப் 80 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரைன்னு சிகிச்சையே மாறலாம். அந்த மாத்திரையால முகத்துல பரு மாதிரி வந்தா தானா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. புதுசா வறட்டு இருமலும் மூச்சு இரைப்பும் வந்தா அடுத்த மாத்திரைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசிடணும்.

காப்பீடு: அக்கா பேர் மச்சான் குடும்ப அட்டையிலதானே இருக்கும்? உங்க அட்டை செல்லாது. அவங்க ரேஷன் கார்டு, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ளங்கிற சான்று எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற முதலமைச்சர் காப்பீட்டு மையத்துக்குப் போங்க. ரயிலுக்கு, டாக்டர் கையெழுத்துப் போட்ட சலுகைப் படிவத்தை ஸ்டேஷன் கவுண்ட்டர்ல கொடுத்தா ஸ்லீப்பர்ல அக்காவுக்குக் கட்டணமே இல்ல, கூடப் போறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

தென்கடல்_தம்பி

ஃபோலிக் ஆசிட் சீட்டுல இருக்கு, பி12 இல்ல. கேக்கிறேன். ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுங்கிறா. ஆக்சிஜன் மெஷின் வாங்கிடவா?

வார்டு_நர்ஸ்

மெஷினுக்கு முன்னாடி எக்ஸ்ரே. நீர் மறுபடி கோத்திருந்தா அதை எடுக்கணும், மெஷின் அதுக்கு மாற்று இல்ல. திரும்பத் திரும்ப கோத்தா, நெஞ்சுல குழாய் வழியா மருந்து விட்டு, நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவுல நீர் கோக்கிற இடைவெளியை ஒட்டவைக்க முடியுமான்னு கேளுங்க. அதுவரைக்கும் தலையணை மூணு அடுக்கி சாய்ச்சு வைங்க, மேசை விசிறி நேரா முகத்துக்கு. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்ல தொடர்ந்து 90-க்குக் கீழ காட்டினா உடனே ஆஸ்பத்திரி.

மெஷின் தேவைன்னு டாக்டர் சொன்னா வாடகைக்கு எடுங்க. ஈரப்பத பாட்டில்ல போர் தண்ணி ஊத்தக்கூடாது, நம்ம ஊர் உப்பு படிஞ்சு அடைச்சிரும், காய்ச்சி வடிச்ச நீர்தான். கரண்ட் போனா கை கொடுக்க ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் வைங்க. 1500 லிட்டர், நிமிஷத்துக்கு 2 லிட்டர்னா சுமார் 12 மணி நேரம் வரும். அடுப்படிப் பக்கம் வேண்டாம்.

இரைப்புக்கோ வலிக்கோ மார்ஃபின் எழுதினா பயந்து ஒளிச்சு வைக்காதீங்க. கூடவே முதல் நாள்ல இருந்து மலமிளக்கி எழுதியிருக்கான்னு மட்டும் பாருங்க.