168 வெள்ளி ரூம், கட்டப் போனால் 419 வெள்ளி. அவசர உதவி

சிப்புட்காரன்:
வணக்கம். ஆகஸ்ட் 31 மலேசிய சுதந்திர தின லீவுக்கு ரூம் தேடுகிறேன். ஒரு தள்ளுபடித் தளத்தில் வெள்ளி 168 என்று சிவப்பில் போட்டிருக்கிறது. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் 419.17. மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன், அதே தொகைதான். 'இந்த விலையில் கடைசி 2 அறை' என்று கடிகாரம் வேறு ஓடுகிறது. இது ஏமாற்றா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கூலிம்_தம்பி:
எந்த ஊரில் ரூம்ணே? வெள்ளி 168 என்றால் வெள்ளிக்கிழமை விலையா, மொத்தமே அவ்வளவுதானா? எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார லீவு, அதனால் கேட்கிறேன்.

மலர்க்கா:
எத்தனை பேர், எத்தனை இரவு? சின்னப் பிள்ளைகள் உண்டா?

பழைய_கங்காணி:
மாதம் ஒருவர் இப்படி வந்து நிற்கிறார். ஊர் இல்லை, ஆள் கணக்கு இல்லை. தோட்டத்தில் காலைப் பெரட்டில் (வருகைப் பதிவில்) பேர் கொடுக்காமல் சம்பளம் கேட்ட கதைதான். சரி, சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள். எல்லாம் குக்கீ (நம் உலாவியில் தளம் எழுதி வைக்கும் குறிப்பு) வேலை. இன்காக்னிட்டோவில், அதாவது பழைய குக்கீ இல்லாத தனி ஜன்னலில், திறங்கள்.

சிப்புட்காரன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். வெள்ளி என்றது ரிங்கிட், கிழமை இல்லை தம்பி. கேமரன் மலை, பிரிஞ்சாங். நான், மனைவி, பிள்ளைகள் மூன்று, அம்மா, மாமியார். சனி ஓர் இரவு. இன்காக்னிட்டோவிலும் 419.17 தான் ஐயா.

பழைய_கங்காணி:
அப்படியானால் வேறு போனில் பாருங்கள்.

பூலாய்_டிரைவர்:
சுங்கை சிப்புட்டிலிருந்துதானே? சிம்பாங் பூலாய் வழியாக ஏறுங்கள். அகலமான ரோடு, பிள்ளைகள் வாந்தி எடுக்க மாட்டார்கள்.

தாப்பா_மைந்தன்:
அந்த வழியில் காய்கறி லாரிக்குப் பின்னால் ஊர்ந்தவருக்குத்தான் தெரியும். தாப்பா வழியில் வந்தால் லாத்தா இஸ்கண்டார் அருவியில் கால் நனைக்கலாம், வழியில் பெத்தாய்க் காய் வாங்கலாம்.

பூலாய்_டிரைவர்:
பெத்தாய் வாங்கவா மலைக்குப் போகிறார்? தாப்பா வளைவில் எதிரே பஸ் வந்தால் நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்குவீர்கள்?

தாப்பா_மைந்தன்:
ஓட்டத் தெரிந்தவன் ஒதுங்குவான்.

ஈப்போ_கணக்கு:
ரோட்டை அப்புறம் பார்க்கலாம். ஏழு பேர் என்றால் இரண்டு ரூம் போட்டிருப்பீர்கள். சிவப்பில் தெரியும் 168 ஒரு ரூமுக்கு, வரி சேர்க்காமல். ஹோட்டல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு சேர்த்தால் 184.80. அதன் மேல் அரசாங்கச் சேவை வரி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. ஆக 199.584. இரண்டு ரூமுக்கு 399.17. உங்கள் தொகையில் சரியாக 20 வெள்ளி அதிகம். அது சுற்றுலா வரியாகத்தான் இருக்க வேண்டும். 2017 முதல் வெளிநாட்டவருக்கு ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. மலேசியருக்குக் கிடையாது. யாருடைய கணக்கில் புக் செய்கிறீர்கள்?

சிப்புட்காரன்:
தம்பியின் கணக்கு. அவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். நாடு சிங்கப்பூர் என்றுதான் இருக்கிறது!! இப்போதுதான் பார்த்தேன்.

பழைய_கங்காணி:
நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். தளத்துக்கு உங்களைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

ஈப்போ_கணக்கு:
ஐயா, குக்கீக்கும் சுற்றுலா வரிக்கும் என்ன சம்பந்தம்? சரி, விடுங்கள். தம்பி, உங்கள் பேரிலேயே கணக்குத் திறந்து நாட்டை மலேசியா என்று போடுங்கள். கவுண்டரில் அடையாள அட்டை காட்டுங்கள். இனிமேல் தேடும்போது வரியோடு மொத்த விலையைக் காட்டும்படி மாற்றி வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இருக்காது.

மலர்க்கா:
கடிகாரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கடைசி 2 அறை என்பது அந்தத் தளத்துக்கு ஹோட்டல் ஒதுக்கியதில் மிச்சம். ஹோட்டலில் வேறு ரூம் இருக்கலாம். போன முறை எங்களுக்குத் தளத்தில் 'முடிந்துவிட்டது' என்று வந்தது. போன் போட்டேன், எடுத்த அம்மா "பெரிய கட்டில் ரெண்டு போட்ட ரூம் ஒண்ணு இருக்கு, வேணுமா?" என்று கேட்டார். ஏழு பேரை ஒரே ரூமில் போட்டுத் தேடினால் தளம் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. இன்னொன்று, நீண்ட லீவில் சில ஹோட்டல்கள் இரண்டு இரவுக்குக் குறைந்து கொடுப்பதில்லை. ஓர் இரவு என்று தேடினால் அவை பட்டியலிலேயே வராது. ஞாயிறும் சேர்த்துத் தேடிப் பாருங்கள், திங்கள்தானே லீவு. தாப்பா வழியில் வரும் ரிங்லெட்டையும் விட்டுவிடாதீர்கள். பிரிஞ்சாங் ஜாமில் நிற்பதற்கு அங்கே தங்கலாம்.

கூலிம்_தம்பி:
இலவச ரத்து உண்டா என்று பார்த்துப் போடுங்கள்ணே. மலிவு விலைகளில் சில ரத்துச் செய்ய முடியாத விலை. என் கல்யாண நாளுக்குப் போட்டுவிட்டு, மாமனார் ஆஸ்பத்திரியில் படுத்ததால் ஒரு காசு திரும்பவில்லை.

பூலாய்_டிரைவர்:
ரிங்லெட் என்றால் தாப்பா ஆள் சந்தோஷப்படுவார்.

(இரண்டு நாள் கழித்து)

சிப்புட்காரன்:
நன்றி எல்லாருக்கும். கணக்கை மாற்றினேன், 399.17 என்று வந்தது. கார்டைத் தேடி எடுப்பதற்குள் இரண்டு ரூமும் போய்விட்டது. அக்கா சொன்னபடி ஹோட்டலுக்கே போன் போட்டேன். குடும்ப ரூம் ஒன்று, இரண்டு இரவு, 520 வெள்ளி. பாய் ஒன்று கூடுதலாகத் தருவார்கள். எடுத்துவிட்டேன். தாப்பா வழிதான், மாமியார் தாப்பாவுக்குப் பக்கத்தில் பீடோரில் ஏறுகிறார்.

தாப்பா_மைந்தன்:
வாழ்க மாமியார்.

பூலாய்_டிரைவர்:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி.