நான்காம் புத்தகம் யாருக்குப் பிடித்தது?

குழு: வெள்ளவத்தை வீடு

சித்தி: ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதைவரிசையில் நான்காம் புத்தகம் 'எ ஃபீஸ்ட் ஃபோர் குரோஸ்' முடித்துவிட்டேன். கடைசிப் பக்கம் வரை டிரியன் வருவான் என்று பார்த்திருந்தேன், வரவில்லை. டேனெரிஸும் இல்லை. ஜோன் ஸ்னோ தன் நண்பன் சாமை வழியனுப்ப ஒரு தடவை தலைகாட்டுகிறான். மூன்று புத்தகங்களாக நான் பின்தொடர்ந்த ஆட்கள் எல்லாம் எங்கே?

அரவிந்தன்: ஐந்தாவதில் இருக்கிறார்கள், சித்தி.

பெரிய மாமா: தங்கச்சி, உனக்கு அடுத்த புத்தகம் அலுமாரியிலேயே இருக்கிறது. எங்களுக்கு மூன்றாவது 2000-இல் வந்தது, இது 2005-இல். விட்டுப்போனவர்களைப் பார்க்க 2011 வரை காத்திருந்தோம். எல்லோருடைய கதையிலும் பாதியைச் சொல்வதைவிடப் பாதிப் பேருடைய கதையை முழுதாகச் சொல்வது மேல் என்று மார்ட்டின் கடைசியில் குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பை முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும்.

அரவிந்தன்: எனக்கு அரசி செர்சியின் அத்தியாயங்கள் போதும், மாமா. பத்தும் ஒரே மூச்சில் போயின. இதுவரை வெளியே நின்று பார்த்தபோது பெரிய தந்திரக்காரியாகத் தெரிந்தவள். உள்ளே போனால் ஒவ்வொருவர் மீதும் சந்தேகம், சின்ன வயதில் கேட்ட குறியின் பயம். அரசின் கடன் தீர்ந்தால் போதும் என்று மதபீடத்துக்கு ஆயுதம் ஏந்த அனுமதி கொடுக்கிறாள். அதே ஆட்கள் அவளையே பிடித்து அடைக்கிறார்கள்.

சித்தி: அது நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். இரும்புத் தீவுக்காரரை மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை. அத்தியாயத் தலைப்பில் பெயருக்குப் பதிலாக 'தீர்க்கதரிசி' என்று போட்டால் யாரென்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

அம்மா: நாளை இரவு இடியப்பம் எத்தனை பேருக்கு? ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அரவிந்தன்: நான் வருகிறேன், பெரியம்மா.

கௌரி: ஐந்து புத்தகங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதல் மூன்றும் யார் வெல்வார், யார் தோற்பார் என்று ஓடுகின்றன. படைகள் போன பிறகு அந்த ஊர்களில் என்ன மிஞ்சியது என்று இதில்தான் ஆசிரியர் நின்று பார்க்கிறார். பிரியென் என்ற வீராங்கனை, காணாமல்போன பிரபு மகள் சன்சாவைத் தேடி அலைகிறாள். சன்சா வேறெங்கோ இருப்பது நமக்குத் தெரியும். அதனால் அந்த எட்டு அத்தியாயங்களும் வீண் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் அவள் நடக்கிற வழியைப் பாருங்கள். வெறுங்காலுடன் ஊர் ஊராகப் போகும் மெரிபால்ட் என்ற துறவி, வாசிக்கத் தெரியாதவர், மந்திரங்களை மனப்பாடமாக வைத்திருப்பவர். போருக்குப் போய் உடைந்துபோன மனிதர்களைப் பற்றி அவர் பேசுகிறாரே, அண்ணன் தம்பிகளோடு புறப்பட்டுப் போகும் பையன்களைப் பற்றி, அந்தப் பேச்சை நான் எத்தனை தரம் வாசித்தாலும் தொண்டை அடைக்கிறது.

பெரிய மாமா: அந்தப் பேச்சில் எனக்கும் மறுப்பில்லை, பிள்ளை. என்னைப் பிடித்து நிறுத்தியது சோல்ட்பான்ஸ் என்ற ஊர் எரிந்த கதை. ஊர் எரியும்போது கோட்டைக்காரப் பிரபு வாசலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார். அந்தக் கிழவரால் தனியாக என்ன செய்திருக்க முடியும் என்று துறவி இரங்குகிறார். முயன்றிருக்கலாம் என்று பிரியென் மனதுக்குள் நினைக்கிறாள். 83 ஜூலையில் எங்கள் ஒழுங்கையில் தீ வைத்தபோது பின்வீட்டுச் சிங்கள ஐயா கதவைத் திறந்து எங்களை உள்ளே எடுத்தார். அவருக்கும் அப்போது நல்ல வயது, பேரப்பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். நான் பிரியென் பக்கம்.

கௌரி: நான் துறவியையும் விடமாட்டேன், மாமா. பயந்து கதவைச் சாத்தியவர்கள் எல்லோரும் கொடியவர்கள் இல்லையே.

பெரிய மாமா: இல்லைதான். ஆனால் அதைச் சொல்லும் உரிமை வெளியே நின்றவர்களுக்குத்தான் உண்டு.

சித்தி: அண்ணா சொல்வது சரி. ஆனாலும் அந்த ஒரு இடத்துக்காக எட்டு அத்தியாயம் நடக்கவைக்க வேண்டுமா, கௌரி?

கௌரி: வேண்டும், சித்தி. எரிந்த ஊருக்கு நேரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் இன்னொரு சண்டைக் காட்சியாகிவிடும். வழியெல்லாம் காலி வீடுகளையும் மரத்தில் தொங்குகிறவர்களையும் பார்த்து வந்த பிறகுதான் அது எரிந்த ஊராகத் தெரிகிறது. தொலைக்காட்சித் தொடர் அவசரப்பட்டது. பழிவாங்க அலையும் கல்நெஞ்சுச் சீமாட்டியையே விட்டுவிட்டார்கள்.

அரவிந்தன்: அக்கா, நான்கையும் ஐந்தையும் அத்தியாயம் அத்தியாயமாகக் கலந்து வாசிக்க இரசிகர்கள் ஒழுங்குகள் தயாரித்திருக்கிறார்கள். நான் அப்படி மறுபடி தொடங்கவா?

கௌரி: இரண்டாம் வாசிப்புக்கு நல்லது, தம்பி. முதல் தடவை வேண்டாம். டிராகன்கள் நடுவில் வந்தால் இந்தப் புத்தகத்தின் சோர்வும் துக்கமும் கலைந்துபோகும்.

சித்தி: அப்படியென்றால் எனக்கு ஐந்தாவது நேராகவே வேண்டும். அண்ணா, உங்களிடம் இருப்பது இரண்டு பகுதிகளாக வந்த பதிப்பா?

பெரிய மாமா: ஆம், பிரித்தானியப் பதிப்பு. முதல் பகுதியைக் கௌரியிடம் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டாவது இன்னும் என் கட்டில் பக்கத்தில் இருக்கிறது, முடித்துவிட்டுத் தருகிறேன்.