ஜெய்சல்மேர்: அம்மாவோடு மூணு நாள் போதுமா?

பெரம்பூர் லோகோ: டிசம்பர் கடைசியில் ராஜஸ்தான் பாலைவன ஊரான ஜெய்சல்மேருக்கு நாலு பேர் போறோம். அம்மாவுக்கு 64 வயசு, முட்டிவலி. கோட்டைக்குள்ளேயே ரூம் போடலாமா? மணல்மேட்டுக்கு எந்தப் பக்கம் போறது?

தங்கசாலை: ரூமைக் கோட்டைக்கு வெளியே போடுங்க ஜி. 1156-ல ராவல் ஜெய்சல் ஆரம்பிச்ச கோட்டை, இன்னும் உள்ளே குடும்பங்கள் இருக்கு. குடத்துத் தண்ணியில ஓடின இடத்துல ஷவரும் ஃப்ளஷ்ஷும் வந்ததும், கழிவுநீர் அடிமண்ல ஊறி சுவரும் கொத்தளமும் சரிய ஆரம்பிச்சுது. உள்ளே ஒரு ரூம் கூடினா அந்தப் பாரமும் கூடும். கீழே மொட்டை மாடி ரூம்ல இருந்தாத்தான் சாயங்காலம் கோட்டை மஞ்சளாகிறதை முழுசாப் பார்க்க முடியும். ஏறுற வழி சரிவு, கல்லு வேற தேஞ்சு வழுக்கும். அம்மாவுக்கு ரப்பர் சோல் செருப்பு, மேலே போக ஆட்டோ. சமணக் கோயில்களைக் காலையிலேயே முடிச்சிடுங்க. தோல் பெல்ட், பர்ஸ் உள்ளே விடமாட்டாங்க.

வண்ணை மணி: சாம் மணல்மேடு ஊர்லேர்ந்து சுமார் 40 கி.மீ., வருஷக் கடைசியில ஜீப் சத்தமும் டிஜேவும்தான். அமைதி வேணும்னா குரி மணல்மேடு. பேக்கேஜ் பேசும்போதே கேட்டுடுங்க: ஒட்டகத்துல எத்தனை நிமிஷம், எத்தனை கம்பளி, திரும்ப வண்டி உண்டா. "சஃபாரி"ன்னு சொல்லி அரை மணியில இறக்கிவிடுறதுதான் வழக்கமான தகராறு. ஒட்டகம் எழும்போது பின்னங்கால்தான் முதல்ல நிமிரும், ஆள் முன்னாடி சாய்வார். முட்டிவலிக்காரருக்கு ஒட்டக வண்டியே மேல். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். நம்ம மார்கழிக் குளிருக்கு வச்சிருக்கிற சால்வை பத்தாது.

ராயபுரம் ஹார்பர்: மூணு நாள் தாராளம். ஒரு காலை கடீசர் ஏரிக்கு வைங்க. ஊரே ஒரு காலத்துல அந்த மழைத்தண்ணியைத்தான் நம்பி இருந்தது, நமக்குப் புழல் மாதிரி. அப்புறம் பட்வா ஹவேலி (வியாபாரிகளோட மாளிகை): ஒரே குடும்பத்து அஞ்சு வீடு, 1805 வாக்கில ஆரம்பிச்சது. சிந்துப் பக்கம் (இப்போ பாகிஸ்தான்) போன ஒட்டக வியாபாரத்துக் காசு அந்த ஜன்னல் வேலைப்பாட்டுல தெரியும். பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் அந்த வியாபாரம் படுத்துது, 1947 எல்லைக்கோடு மிச்சத்தையும் முடிச்சுது. ஹார்பர் பக்கத்து ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேணாம்.

ரயில்ல ஜோத்பூர் போய் மாறணும். அங்கிருந்து அஞ்சாறு மணி நேரம். இடையில ஒரு ராத்திரி தங்கிட்டா அம்மாவுக்கு நல்லது.

தங்கசாலை: திரும்பும்போது கேர் சாங்ரி (சமைக்கிற காஞ்ச பாலைவனக் காய்கள்) வாங்கினா, ராத்திரி முழுக்க ஊறவைங்க, நாலஞ்சு தண்ணி மாத்துங்க. இல்லைன்னா வாயில மணல்தான்.